ஒரே நாள், ஐந்து டிக்கெட்: செங்கல்பட்டு - மாமல்லபுரம் வழியில் பாஸ்களின் வரலாறு

சென்னைக்கு நான்கு நாள் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "எந்த பாஸ் வாங்கினால் லாபம்?"

லண்டனுக்கோ ஹாங்காங்குக்கோ போகிறவர்களுக்கு இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் கிடைத்துவிடும். சென்னைக்குக் கிடைக்காது. ஏன் என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னப் பயணத்தைக் கற்பனை செய்து பாருங்கள்.

ஒரு குடும்பம் காலையில் சென்னைக் கடற்கரை நிலையத்தில் மின்சார ரயில் ஏறி, கொளவாய் ஏரியைப் பார்த்துக்கொண்டே செங்கல்பட்டில் இறங்குகிறது. அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் மாமல்லபுரம், சுமார் 30 கிலோமீட்டர். கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் பார்த்துவிட்டு, கலங்கரை விளக்கத்தில் ஏறி இறங்கி, மாலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாநகர பஸ்ஸில் அடையாறு திரும்புகிறது. இந்த ஒரு நாளில் அவர்கள் கையில் சேரும் டிக்கெட்டுகள் ஐந்து வகை. ஒன்று ரயில்வே தந்தது. ஒன்று அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டம் தந்தது. ஒன்று இந்தியத் தொல்லியல் துறை தந்தது. ஒன்று கலங்கரை விளக்கத் துறை தந்தது. கடைசியாக ஒன்று சென்னை மாநகர் போக்குவரத்துக் கழகம் தந்தது. ஐந்து கவுன்டர், ஐந்து கணக்கு!

இந்த ஐந்தும் எப்படி வந்தன என்பதுதான் இந்தக் கட்டுரை. அது தெரிந்தால் எந்த பாஸ் வாங்குவது என்ற கேள்விக்கும் பதில் தெரிந்துவிடும்.

படகும் மாட்டு வண்டியும்

ரயிலும் பஸ்ஸும் வருவதற்கு முன்பு சென்னையிலிருந்து மாமல்லபுரம் போக ஒரு வழி தண்ணீர் வழி. 1806-ல் வெட்டத் தொடங்கிய கால்வாய் படிப்படியாக நீண்டது. 1876 முதல் 1878 வரையிலான கொடும் பஞ்சத்தின்போது, பஞ்ச நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரால் 1878-ல் அது பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது. உப்பும் விறகும் ஏற்றிப் போன அதே கால்வாயில், "ஏழு கோயில்கள்" என்று வெள்ளைக்காரர்கள் அழைத்த மாமல்லபுரத்தைப் பார்க்க விரும்பியவர்கள் இரவில் படகேறிக் காலையில் போய் இறங்கினார்கள்.

ரயில் பாதை செங்கல்பட்டைத் தொட்ட பிறகு இன்னொரு வழி பிறந்தது. செங்கல்பட்டு வரை ரயில், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாட்டு வண்டி. படகுக்காரரிடமும் வண்டிக்காரரிடமும் பேரம் பேசிய காலத்தில் பாஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒவ்வொரு பயணமும் தனி ஒப்பந்தம்.

சீசன் டிக்கெட்: தினமும் வருகிறவருக்கு

இந்த வழித்தடத்தில் நிலைத்து நின்ற பாஸ் என்றால் அது ரயில்வே சீசன் டிக்கெட்தான். 1931 மே 11 அன்று சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் மின்சார ரயில் பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது. மாம்பலத்திலும் பல்லாவரத்திலும் வீடு கட்டிக்கொண்டு பாரிமுனையில் வேலை பார்க்க முடியும் என்ற நிலை வந்தது. மின்மயம் 1960களில் தாம்பரத்தைத் தாண்டித் தெற்கே நீண்டபோது, செங்கல்பட்டும் அந்த வட்டத்துக்குள் வந்தது. 2004 ஜூலையில் கடற்கரை - தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில் விடைபெற்று, எல்லாம் அகலப் பாதை ஆனது.

சீசன் டிக்கெட்டின் கணக்கு எளிமையானது. இரண்டாம் வகுப்பு மாத சீசனுக்கு அடிப்படை, சுமார் 15 ஒற்றைப் பயணங்களின் கட்டணம். மாதத்தில் 25 நாள் வேலைக்குப் போகிறவர் 50 முறை ஏறுகிறார். அப்படியென்றால் எட்டாவது நாள் மாலையிலேயே கட்டிய பணம் திரும்பிவிடுகிறது. மீதி நாட்கள் எல்லாம் லாபம். வணிகவியல் பாடத்தில் லாப நட்டமற்ற புள்ளி என்று படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ரயில்வே ஏன் இவ்வளவு விட்டுக்கொடுக்கிறது? ரயில் எப்படியும் ஓடப்போகிறது. ஒருவர் கூடுதலாக ஏறுவதால் செலவு பெரிதாக ஏறுவதில்லை. ஒரு மாதப் பணம் முன்கூட்டியே கைக்கு வருகிறது. கவுன்டரில் 50 முறை நிற்க வேண்டிய ஆள் ஒரே முறை நிற்கிறார். அதனால் இது தர்மம் அல்ல, இரு தரப்புக்கும் நன்மையான பேரம்.

இந்தப் பேரத்தைத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2014 ஜூன் சாட்சி. ரயில் கட்டண உயர்வோடு சேர்த்து, மாத சீசனின் கணக்கை 15 பயணங்களிலிருந்து 30 பயணங்களாக மாற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. அதாவது விலை ஒரேயடியாக இரட்டிப்பு. மும்பையில் எழுந்த எதிர்ப்பில் சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. புறநகர் ரயிலை நம்பி வாழும் குடும்பத்துக்கு சீசன் டிக்கெட் என்பது வாடகை, பால் கணக்கு மாதிரி மாத பட்ஜெட்டில் ஒரு வரி.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. சீசன் டிக்கெட் என்பது முன்பணம். மாதச் சம்பளக்காரருக்கு முதல் தேதியில் மொத்தமாகக் கட்ட முடியும். கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற தினக்கூலிக்காரருக்கு அது சுலபம் இல்லை. மலிவான டிக்கெட் வசதியானவருக்கும், விலை கூடிய தினசரி டிக்கெட் வசதியற்றவருக்கும் என்று தலைகீழாகப் போய்விடுகிறது. இதைச் சரிசெய்ய 2009-ல் ரயில்வே அமைச்சர் மம்தா பானர்ஜி "இஜ்ஜத்" பாஸ் கொண்டுவந்தார். மாத வருமானம் ரூ.1500-க்கு மேல் இல்லாத அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு, 100 கிலோமீட்டர் வரை மாதம் ரூ.25. செங்கல்பட்டிலிருந்து கடற்கரை நிலையம் சுமார் 60 கிலோமீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த வருமானத்தில் இருக்கிற ஒருவருக்கு வேலைக்குப் போகலாமா வேண்டாமா என்பதையே தீர்மானிக்கக்கூடிய சலுகை அது.

சுற்றுலாப் பயணிக்கு ரயில்வே தனியாக ஒன்று வைத்திருந்தது. "இண்ட்ரெயில்" பாஸ். வெளிநாட்டவருக்கும் வெளிநாடு வாழ் இந்தியருக்கும் மட்டும், வெளிநாட்டுப் பணத்தில் வாங்க வேண்டும். அரை நாள் முதல் 90 நாள் வரை இந்தியா முழுக்கச் சுற்றலாம். அது பிறகு நிறுத்தப்பட்டது. தினமும் வருகிறவருக்கான பாஸ் தங்கியது, எப்போதாவது வருகிறவருக்கான பாஸ் போய்விட்டது.

பல்லவன் பஸ்ஸும் 50 ரூபாய் பாஸும்

1972 ஜனவரி 1 அன்று சென்னை நகர பஸ்களுக்காகப் பல்லவன் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. மாமல்லபுரத்தைச் செதுக்கிய பல்லவர் பெயரில் பஸ்! 1997-ல் போக்குவரத்துக் கழகங்களிலிருந்து தலைவர்கள், அரச வம்சங்களின் பெயர்கள் எல்லாம் நீக்கப்பட்டன. பல்லவன், மாநகர் போக்குவரத்துக் கழகம் ஆனது. மாவட்டக் கழகங்கள் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கோட்டங்கள் ஆயின. பயணிக்கு இதில் ஒரு விஷயம் மட்டும் மாறவில்லை. மாநகர பஸ் பாஸ் மாநகர பஸ்ஸில் மட்டும்தான் செல்லும். செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு அரசு பஸ்களில் ஒன்றில் செல்லும் பாஸ் இன்னொன்றில் செல்லாது.

சுற்றிப் பார்க்க வருகிறவருக்கு உண்மையில் உதவிய பாஸ் ஒன்று மாநகர பஸ்ஸில் இருந்தது. "விருப்பம் போல் பயணம்" என்ற ஒரு நாள் பாஸ். கண்டக்டரிடமே வாங்கலாம், ரூ.50. அடையாற்றில் ஏறி, மயிலாப்பூரில் இறங்கி, மெரினா பார்த்துவிட்டு, பிறகு 588-ல் மாமல்லபுரமும் போய் வரலாம். 2018 ஜனவரியில் தமிழகம் முழுவதும் பஸ் கட்டணம் உயர்த்தப்பட்டபோது இந்த ஒரு நாள் பாஸ் நிறுத்தப்பட்டது. கல்லூரி மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். கட்டணம் கொஞ்சம் குறைக்கப்பட்டது. மாதப் பாஸ் தொடர்ந்தது. இன்று சாதாரண, சொகுசு பஸ்களுக்கு மாதம் ரூ.1000. 2025 மார்ச் முதல் ஏ.சி. பஸ்ஸையும் சேர்த்து ரூ.2000-க்கு ஒன்று உண்டு.

இங்கேயும் அதே கதைதான். ரூ.1000 மொத்தமாகக் கட்ட முடிந்தவருக்குச் சலுகை தங்கியது. அன்றன்றைக்கு ரூ.50 கட்டியவருக்குப் போனது. அவர் சுற்றுலாப் பயணியாகவும் இருக்கலாம், ஒரே நாளில் நான்கு வீட்டில் வேலை பார்க்கும் அம்மாவாகவும் இருக்கலாம்.

பிறகு 2021 மே மாதம் வேறொரு வழி வந்தது. சாதாரணக் கட்டண நகர பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அட்டை இல்லை, முன்பணம் இல்லை, வருமானச் சான்றிதழ் இல்லை. ஏறினால் கண்டக்டர் கட்டணமில்லா டிக்கெட் கிழித்துத் தருவார், அவ்வளவுதான். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இது இஜ்ஜத் பாஸைவிட எளிது. சுற்றிப் பார்க்க வரும் பெண்ணுக்கும் இது பொருந்தும். இந்த பஸ்களில் பெண்கள் பாஸ் வாங்குவது வீண் செலவு.

மாமல்லபுரத்தின் டிக்கெட்

மாமல்லபுரத்தின் நினைவுச்சின்னங்களை 1984-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இங்கே தொல்லியல் துறை தரும் டிக்கெட், ஒரு வகையில் இந்தக் கடற்கரையின் ஒரே உண்மையான சுற்றுலா பாஸ். ஏனென்றால் ஒரே டிக்கெட்டில் அன்று முழுக்கக் கடற்கரைக் கோயிலும் பார்க்கலாம், ஐந்து ரதமும் பார்க்கலாம். இது தெரியாமல் முதல் இடத்தில் டிக்கெட்டைக் கசக்கி எறிந்துவிட்டு, இரண்டாவது இடத்தில் மறுபடி வாங்குகிறவர்கள் உண்டு. பத்திரமாக வைத்திருங்கள்!

அதன் விலை வரலாறு இது. நீண்ட காலம் இந்தியருக்கு ரூ.10, வெளிநாட்டவருக்கு ரூ.250. 2016 ஏப்ரலில் ரூ.30, ரூ.500. 2018 ஆகஸ்டில் ரூ.40, ரூ.600. பணமாகக் கொடுக்காமல் ஆன்லைனில் கட்டினால் இந்தியருக்கு ரூ.5-ம் வெளிநாட்டவருக்கு ரூ.50-ம் குறையும். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம்.

2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் இங்கே சந்தித்தார்கள். கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை முன்னால் இருவரும் கைகோத்து நின்ற படம் உலகமெல்லாம் போனது. அதே மாதம், அதுவரை யாரும் சும்மா போய்ச் சாய்ந்து படம் எடுத்துக்கொண்ட அந்தப் பாறையைப் பார்க்கவும் டிக்கெட் என்று ஆனது. ஒரு இடம் பிரபலமானால் முதலில் வருவது வேலி, அடுத்து வருவது கவுன்டர்.

இந்த டிக்கெட்டில் தமிழர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விநோதமும் இருக்கிறது. சார்க், பிம்ஸ்டெக் நாடுகளின் குடிமக்களுக்கு இந்தியருக்கான அதே கட்டணம். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் சித்தப்பா ரூ.40 கட்டுவார். கோலாலம்பூரிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் அத்தை ரூ.600 கட்டுவார். ஆனால் அந்த அத்தையிடம் ஓசிஐ அட்டை இருந்தால் அவருக்கும் இந்தியர் கட்டணம்தான். 2009-ல் வந்த சலுகை இது. ஆக, மலேசியத் தமிழருக்கு மாமல்லபுரத்தில் மிகவும் பயன்படும் அட்டை எந்த பஸ் பாஸும் இல்லை, அவர் பெட்டியில் இருக்கும் அந்தக் குடியுரிமை அட்டை!

2021-22-ல் மாமல்லபுரத்துக்கு வந்த வெளிநாட்டவர் 1,44,984 பேர் என்றும், தாஜ்மகாலுக்கு 38,922 பேர் என்றும் மத்திய சுற்றுலாத் துறை வெளியிட்டது. கொரோனா காலத்துக் கணக்கு என்பதால் இதை வைத்து ரொம்பப் பெருமைப்பட முடியாது. இருந்தாலும் இத்தனை பேர் வரும் ஊரில், டிக்கெட்டின் எல்லை ஒரு துறையின் வேலியோடு முடிந்துவிடுகிறது. பக்கத்திலேயே இருக்கும் கலங்கரை விளக்கத்துக்குத் தனி டிக்கெட். 19-ஆம் நூற்றாண்டில், இந்த விளக்கம் கட்டப்படும் முன், பக்கத்துப் பாறை மேல் உள்ள பல்லவர் காலத்து ஒலக்கண்ணேஸ்வரர் கோயிலின் உச்சியில்தான் விளக்கு எரிந்தது. அன்று கோயிலும் விளக்கும் ஒன்று. இன்று அவை இரண்டு துறை, இரண்டு கவுன்டர். அதே கடற்கரையில் தட்சிணசித்ராவும் முதலைப் பண்ணையும் முட்டுக்காடு படகுக் குழாமும் தனித்தனி. எல்லாவற்றுக்கும் பொதுவான பாஸ் என்று ஒன்று இல்லை.

மற்ற ஊர்கள் எப்படிச் செய்தன?

லண்டனிலும் முதலில் இப்படித்தான் இருந்தது. 1981-ல் மாநகர கவுன்சில் கட்டணத்தைக் குறைத்தது. வழக்கு நடந்து, அது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அந்தச் சண்டைக்குப் பிறகு 1983-ல் பஸ்ஸுக்கும் சுரங்க ரயிலுக்கும் பொதுவான டிராவல்கார்டு பிறந்தது. ஹாங்காங்கில் 1997-ல் ஆக்டோபஸ் அட்டை. லண்டனில் 2003-ல் ஆய்ஸ்டர் அட்டை.

2005-ல் லண்டன் ஒரு முக்கியமான வேலை செய்தது. ஒரு நாளில் எத்தனை முறை ஏறினாலும் குறிப்பிட்ட தொகைக்கு மேல் அட்டை பணம் எடுக்காது என்று உச்சவரம்பு வைத்தது. இதன் பொருள் என்ன? எந்த பாஸ் லாபம் என்று பயணி கணக்குப் போட வேண்டியதில்லை, அட்டையே போட்டுக்கொள்ளும். முன்பணம் கட்ட முடியாத ஏழைக்கும் பாஸின் சலுகை கிடைத்துவிடும். சீசன் டிக்கெட்டின் பழைய சிக்கலுக்கு இது ஒரு நல்ல விடை.

தொழில்நுட்பம் வந்தால் மட்டும் போதாது என்பதற்கும் உதாரணம் உண்டு. சிங்கப்பூரில் பழைய வகை அட்டைகளை நிறுத்திவிட்டுப் புதிய முறைக்கு மாற்ற முயன்றபோது, வாயிலில் மீதிப் பணம் எவ்வளவு என்று தெரியவில்லை என்று மக்கள் புகார் சொன்னார்கள். 2024 ஜனவரியில் அரசு அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. கையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்வது சாதாரண மக்களுக்கு அவ்வளவு முக்கியம்.

சிங்காரச் சென்னை அட்டை

சென்னையில் மெட்ரோ ரயில் 2015 ஜூனில் தொடங்கியது. அதற்கென்று தனி அட்டை வந்தது. ரூ.100-க்கு ஒரு நாள் முழுக்கச் சுற்றும் சுற்றுலா அட்டையும் விற்கப்பட்டது, வைப்புத்தொகை ரூ.50 தனி. 2021-ல் அதிகபட்சக் கட்டணம் ரூ.50 ஆகக் குறைந்தபோது, இந்த அட்டை லாபம் தர இரண்டு நீண்ட பயணங்களுக்கு மேல் போக வேண்டும் என்ற நிலை.

2023 ஏப்ரல் 14 அன்று சிங்காரச் சென்னை அட்டை அறிமுகமானது. நாடு முழுவதற்குமான தேசிய பொது இயக்க அட்டை வகையைச் சேர்ந்தது. 2025 ஜனவரி 6 முதல் மாநகர பஸ்களிலும் செல்லத் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து மெட்ரோவின் பழைய அட்டைக்குப் பணம் ஏற்றுவது நிறுத்தப்பட்டது. 2025 செப்டம்பர் 22 அன்று "சென்னை ஒன்" செயலி வந்தது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் செல்போனிலேயே க்யூஆர் டிக்கெட். பல்லவன் கழகம் தொடங்கி அரை நூற்றாண்டு கடந்த பிறகு, ரயிலும் பஸ்ஸும் ஒரே திரையில் சேர்ந்தன.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பாஸ் வேறு, பணம் ஏற்றும் அட்டை வேறு. பாஸ் என்றால் ஒரு தொகை கட்டி எத்தனை முறை வேண்டுமானாலும் போவது. சிங்காரச் சென்னை அட்டை ஒரு மணிபர்ஸ் மாதிரி. சில்லறைத் தொல்லை தீரும், வரிசை குறையும். ஆனால் பத்து முறை பஸ் ஏறினால் பத்து டிக்கெட் பணமும் போகும். லண்டன் மாதிரியான உச்சவரம்பு வந்தால்தான் அது பாஸ் ஆகும்.

சரி, எதை வாங்குவது?

வாங்குமுன் இரண்டு கேள்வி கேட்டால் போதும். இந்த அட்டையின் எல்லை எங்கே முடிகிறது? கட்டிய பணம் எத்தனையாவது பயணத்தில் திரும்புகிறது?

இரண்டு, மூன்று நாள் வருகிறவருக்கு மாத பாஸ் எதுவும் வேண்டாம், பணம் திரும்பாது. நகரத்துக்குள் சுற்ற சிங்காரச் சென்னை அட்டையோ சென்னை ஒன் செயலியோ போதும். செங்கல்பட்டுக்கு மின்சார ரயிலில் சாதாரண டிக்கெட்டே மிக மலிவு. 2025 ஏப்ரல் முதல் ஓடும் ஏ.சி. மின்சார ரயிலுக்குக் கட்டணம் தனி. செங்கல்பட்டு - மாமல்லபுரம் பஸ்ஸுக்குக் கையில் சில்லறை வைத்திருங்கள். மாமல்லபுரத்தில் தொல்லியல் துறை டிக்கெட்டை ஆன்லைனில் எடுங்கள். இரண்டு பெரியவர், இரண்டு குழந்தைகள் கொண்ட குடும்பத்துக்கு ரூ.70-ல் முடிந்துவிடும். கலங்கரை விளக்கத்துக்குத் தனியாக வாங்க வேண்டும்.

ஒரு மாதம் தங்கி தினமும் அலைகிறவருக்குத்தான் சீசன் டிக்கெட்டும் ரூ.1000 பாஸும். இன்றும் காலையில் செங்கல்பட்டு ரயிலில் ஏறுகிறவர்களில் பலர் சட்டைப் பையில் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் மாமல்லபுரம் பார்த்துப் பல வருடம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குடும்பத்தோடு கிளம்பும்போது, ஐந்து டிக்கெட் இரண்டாகக் குறைந்திருந்தால் நன்றாக இருக்கும். ரயிலும் மாநகர பஸ்ஸும் ஒரே செயலியில் வந்துவிட்டன. செங்கல்பட்டு - மாமல்லபுரம் பஸ்ஸும் தொல்லியல் துறை கவுன்டரும்தான் அடுத்து வர வேண்டியவை.